ஒரு 'டக்' சத்தத்துக்காக

"பி.காம் படிக்கிற பையனுக்கு சால்டரிங் அயர்ன் எதுக்கு?"

எங்கள் வீட்டில் இதைக் கேட்காத ஆளே கிடையாது. அம்மா வாரம் ஒருமுறை கேட்பார். அப்பா கரண்ட் பில் வரும்போது கேட்பார். கல்லூரி நண்பர்கள் என் சட்டையில் இருக்கும் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். (அது ஃபெரிக் குளோரைடு. எந்த சோப்புக்கும் போகாது. போட்டுப் பார்த்துவிட்டேன்.) இதுவரை எல்லாரிடமும் சிரித்தே சமாளித்தாயிற்று. இன்றைக்கு முழுசாகப் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் அரக்கோணம். மாமா, அம்மாவின் தம்பி, 1994-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், ஆடி மாசக் கூழ்... எங்கள் பக்கத்தில் அவருடைய குழாய் ஸ்பீக்கர் ஏறாத தென்னைமரம் இல்லை. அப்புறம் காலம் மாறியது. ஆள் உயரத்துக்கு பேஸ் பெட்டி வேண்டும், லைட் வேண்டும், டி.ஜே. வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு முதல் போட மாமாவால் முடியவில்லை. ஒவ்வொன்றாக விற்றார். கடைசியில் மிஞ்சியது 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட இரண்டு மரப்பெட்டிகள். அதை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. அத்தை அதன் மேல் துணி மடித்து வைப்பார். மாமா ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக் கட்டிலில் வைப்பார். நான் சின்ன வயதிலிருந்து பார்க்கும் காட்சி இது.

எனக்கு இந்த எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்தது 2020 ஊரடங்கில். பள்ளிக்கூடம் இல்லை, வெளியே போகவும் முடியாது. யூடியூபில் யாரோ ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்வதைப் பார்த்துப் பார்த்து நானும் இறங்கினேன். கல்லூரிக்கு சென்னை வர ஆரம்பித்ததும் ரிச்சி ஸ்ட்ரீட் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. சென்ட்ரலில் ரயில் இறங்கி வகுப்புக்குப் போவதற்குப் பதில் கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பிய நாட்கள் உண்டு. (அட்டெண்டன்ஸ் பற்றி இங்கே பேசவேண்டாம்.)

அப்படிச் சேர்த்த சாமானில்தான் என் முதல் 'பெரிய' ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், 5200 - 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட ஒரு மோனோ போர்டு. தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, முன்னால் ஒரு நீல எல்.இ.டி.யும் வைத்தேன். அந்த எல்.இ.டி.யைப் பார்க்கும்போது டாட்டா, பிர்லாவுக்கு இல்லாத பெருமை எனக்கு.

ஆடிக் கூழும் கருகிய வாசனையும்

2023 ஆடி. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. "இந்த வருஷம் செட்டு நம்ம வீட்டுதுதான்" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டேன். மாமாவிடம் பெட்டி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எடுத்துட்டுப் போ மாப்ள, பாத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நல்லவேளை, மோனோ போர்டு என்பதால் ஒரு பெட்டியை மட்டும் மாட்டினேன்.

காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அம்மன் பாட்டு கணீரென்று போனது. மாமா தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததை நான் கவனித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்தால் ஒரு முகம் இருக்குமே, அது.

பத்தரைக்கு 'டம்' என்று ஒரே ஒரு சத்தம். பாட்டு நின்றது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. என்ன ஆச்சு என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாசனை. அதற்கடுத்து புகை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியவர் மாமா. நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இருபது வருஷம் ஓட்டினேன்டா, மழையில நனைஞ்சிருக்கு, லாரியிலிருந்து விழுந்திருக்கு. ஒரு காயில் இப்படி எரிஞ்சு நான் பாத்ததில்ல" என்றார். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

என்னதான் நடந்தது?

அன்று ராத்திரி மீட்டரை வைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 5200 டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தது. (அது ஒரிஜினல்தானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். போலி 5200 சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. நான் விலை குறைவு என்று வாங்கியவன். என் தப்பு.)

கணக்கு எளிது. 24 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் கிட்டத்தட்ட 34 வோல்ட் வரும். பிளஸ் பக்கம் 34, மைனஸ் பக்கம் 34. பாட்டு ஓடும்போது அவுட்புட் இந்த இரண்டுக்கும் நடுவில் மேலும் கீழும் ஆடும். சராசரி பூஜ்யம். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் ஆட்டம் நின்று, 34 வோல்ட் டி.சி. நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும். 8 ஓம் ஸ்பீக்கர் என்கிறோமே, அதன் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் பக்கம்தான் காட்டும். 34-ஐ 6-ஆல் வகுத்தால் 5.7 ஆம்பியர். அப்படியென்றால் 190 வாட்டுக்கு மேல் வெறும் சூடு! பாட்டு ஓடும்போது கூம்பு அசைந்து காற்றாவது போகும். இங்கே கூம்பு ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காயில் அடுப்புக் கம்பி மாதிரி வேகிறது.

"ஃபியூஸ் போடலையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டிருந்தேன். 5 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் 5.7 ஆம்பியரில் உடனே எரியாது, ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். ஸ்பீக்கர் செத்த பிறகும் ஃபியூஸ் புத்தம்புதுசாக இருந்தது.

சரி, மாமாவின் செட்டில் மட்டும் ஏன் இருபது வருஷத்தில் இது ஒருமுறைகூட நடக்கவில்லை? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது. பதில் கிடைத்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். மாமா வைத்திருந்தது பழைய அஹுஜா மைக்செட் ஆம்ப்ளிஃபயர்கள். அதில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். தூரத்து மரத்துக்கு நீளமான ஒயர் இழுக்கவேண்டுமே, அந்த 100 வோல்ட் லைனுக்காக வைத்தது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் டி.சி.யைக் கடத்தாது. உள்ளே என்ன வெடித்தாலும் வெளியே ஸ்பீக்கருக்குத் தெரியாது! ஒற்றை சப்ளையில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர்களிலும் இதே கதைதான். அவுட்புட்டில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், அதுவும் டி.சி.யைத் தடுத்துவிடும்.

எனது போர்டில் இரண்டும் இல்லை. இரட்டை சப்ளை என்பதால் கெப்பாசிட்டர் தேவையில்லை. பேஸ் நன்றாக வரும், செலவும் மிச்சம். அந்த மிச்சத்தோடு சேர்ந்து ஒரு காவலும் போய்விட்டது. அந்தப் பொருள் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது, நமக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. எடுத்தபிறகுதான் இன்னொன்று தெரிகிறது, அதுவும் புகை வந்தபிறகு.

போர்டு போட்ட கதை

கருகிய ஸ்பீக்கருக்குப் புதுக் காயிலும் கூம்பும் மாற்ற 700 ரூபாய் ஆயிற்று. மூன்று மாசம் டியூஷன் எடுத்துக் கட்டினேன். மாமா வாங்கிக்கொண்டார், ஆனால் பெட்டி மறுபடி என் கைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. காவல் இல்லாமல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார், அதுதான் பயம்.

போர்டின் தத்துவம் சின்னது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு ரிலே. அவுட்புட்டில் டி.சி. வந்தால் ரிலே விடவேண்டும். பாட்டு வந்தால் விடக்கூடாது. எவ்வளவு கனமான பேஸ் வந்தாலும் ஏமாறக்கூடாது. பாட்டையும் டி.சி.யையும் பிரித்துப் பார்ப்பதுதான் மொத்த வேலையும்.

பிரிப்பது ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். நான் போட்டது 22 கே ரெசிஸ்டர், 50 மைக்ரோ ஃபாரட். டி.சி. இரண்டு பக்கமும் வரலாம் என்பதால் சாதாரண பிளஸ்-மைனஸ் கெப்பாசிட்டர் ஆகாது. 100 மைக்ரோ இரண்டை எடுத்து மைனஸ் காலும் மைனஸ் காலும் சேர்த்தால் 50 ஆயிற்று. இந்த ஜோடியைத் தாண்டும்போது 20 ஹெர்ட்ஸ் பேஸ்கூட 130 மடங்குக்கு மேல் குறைந்துவிடும். 30 வோல்ட் உச்சம் வந்தாலும் உள்ளே கால் வோல்ட்டுக்கும் கீழே. டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ள 0.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதனால் அது தூங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் 34 வோல்ட் டி.சி. வந்து நின்றால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் அந்த அளவைத் தாண்டிவிடும். ரிலே விடும் நேரத்தையும் சேர்த்தாலும் நொடியில் இருபதில் ஒரு பங்கு. காயில் சூடேற அது போதாது.

கண்காணிக்க இரண்டு டிரான்சிஸ்டர்: ஒன்று பிளஸ் டி.சி.க்கு, ஒன்று மைனஸ் டி.சி.க்கு. மூன்றாவது டிரான்சிஸ்டர் ரிலேயைப் பிடித்திருக்கும். அதன் பேஸில் 100 கே, 100 மைக்ரோ, ஒரு 10 வோல்ட் ஜீனர். இதனால் சுவிட்ச் போட்டு மூன்றரை நொடிக்கு மேல் கழித்துத்தான் ரிலே இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் நிதானத்துக்கு வரும் முன்பு வரும் அந்த 'தொம்' சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாது. ரிலே 24 வோல்ட் 'சுகர் கியூப்', காயில் 1600 ஓம். 34-லிருந்து மிச்சப் 10 வோல்ட்டைத் தின்ன 680 ஓம். ரிலேக்கான சப்ளையைப் பெரிய கெப்பாசிட்டரிலிருந்து எடுக்காமல், டிரான்ஸ்ஃபார்மர் ஏ.சி.யிலிருந்து தனி டயோடு வைத்து எடுத்தேன். இல்லையென்றால் சுவிட்சை அணைத்தபிறகும் ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரிலே திறக்கும்போது டி.சி. கரண்ட் சும்மா நிற்காது. இரண்டு முனைக்கும் நடுவில் தீப்பொறியாக நீண்டு ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். என் ரிலே மேலேயே 30 வோல்ட் டி.சி. வரைதான் என்று அச்சடித்திருந்தது. என்னுடையது 34. அதனால் ஸ்பீக்கரை ரிலேயின் நடு முனையில் மாட்டி, ஆம்ப்ளிஃபயரை 'நார்மலி ஓப்பன்' முனையில் கொடுத்து, சும்மா இருக்கும் 'நார்மலி குளோஸ்டு' முனையை கிரவுண்டில் சேர்த்துவிட்டேன். இப்போது தீப்பொறி நீண்டாலும் அது ஸ்பீக்கர் வழியாகப் போகாது. நேராக கிரவுண்டுக்குப் போய் ஃபியூஸை எரிக்கும். ஒரே ஒரு ஒயர்தான், தனிச் செலவு எதுவும் இல்லை.

கிகேடில் படம் வரைந்து, வழவழப்பான காகிதத்தில் லேசர் பிரிண்ட் எடுத்து, செப்புத் தகட்டில் வைத்து அம்மாவின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஃபெரிக் குளோரைடில் ஊறப்போட்டு... (சட்டைக் கதை இங்கேதான்.) முதல் முயற்சியில் ரிலே இழுக்கவே இல்லை. கடையில் பி.சி. 547 கேட்டதற்கு 5551 கொடுத்திருந்தார்கள், அதில் கால் வரிசை தலைகீழ். பார்க்காமல் மாட்டியவன் நான். கழற்றித் திருப்பி மாட்டியதும் முதல்முறையாக அந்தச் சத்தம் கேட்டது. 'டக்'.

மொத்தச் செலவை ஒரு வவுச்சரில் எழுதினேன் (நம்ம படிப்பு அப்படி): ரிலே 35, டிரான்சிஸ்டர் மூன்று 9, கெப்பாசிட்டர்கள் 16, டயோடும் ஜீனரும் 8, ரெசிஸ்டர் 5, செப்புத் தகடு 40, ஃபெரிக் குளோரைடு 60, கனெக்டர் 20. ஆக 193 ரூபாய். எரிந்த காயிலுக்குக் கொடுத்தது 700.

மாமா கேட்ட ஒரு கேள்வி

2024 ஆனி மாசம். போர்டை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். "பெட்டி வேண்டாம் மாமா, சும்மா பாருங்க" என்றேன். ஸ்பீக்கருக்குப் பதிலாக 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பு இரண்டை சீரிஸில் மாட்டியிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் போர்டைக் கழற்றிவிட்டு, டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் என்ன நடக்குமோ அதை ஒயரால் செய்து காட்டுவது திட்டம்.

பவர் போட்டேன். நாலு நொடி. 'டக்'. பிளஸ் 34 வோல்ட் ஒயரை எடுத்து அவுட்புட்டில் தொட்டேன். பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டியது, 'டக்', அணைந்தது. மூன்று முறை தொட்டேன், மூன்று முறையும் அதே. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவைப் பார்த்தேன்.

அவர் பல்பையே பார்த்துக்கொண்டு, "மைனஸ் பக்கம்?" என்றார்.

"அதுவும் இதே மாதிரிதான் மாமா."

"தொட்டுக் காட்டு."

தொட்டேன். பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. ரிலே அசையவில்லை. பெட்டியாக இருந்திருந்தால் இரண்டாவது காயிலும் போயிருக்கும்.

எனக்கு வியர்த்துவிட்டது. போர்டைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டாவது டிரான்சிஸ்டருக்குப் போகும் கோட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு வெட்டு. இஸ்திரி போடும்போது மை ஒட்டாத இடம். வீட்டில் நான் பிளஸ் பக்கத்தை மட்டும் இருபது முறை சோதித்திருந்தேன். மைனஸ் பக்கத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. ஷார்ட் ஆனது பிளஸ் பக்க டிரான்சிஸ்டர் என்பதால் என் மனசு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"பற்று வரவுன்னு ரெண்டு பக்கம் போட்டுத்தானடா படிக்கிறே?" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து சால்டர் வைத்தேன். மறுபடி பிளஸ், மறுபடி மைனஸ். 'டக்', 'டக்'. பத்து முறை அவரே தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பெட்டி மேல் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

கடைசியாக

2024 ஆடியில் எங்கள் தெருவில் செட்டு நம்ம வீட்டுதுதான். ஒரிஜினல் டிரான்சிஸ்டர், பக்கத்தில் அந்த 193 ரூபாய் போர்டு. சுவிட்ச் போட்டதும் சத்தம் வராததைப் பார்த்து ஒரு பெரியவர், "என்னப்பா, செட்டு எடுக்கலையா?" என்றார். மாமா கையை உயர்த்தி, "இருங்கண்ணே, டக்குன்னு ஒண்ணு கேக்கும், அப்புறம் பாடும்" என்றார். கேட்டது. பாடியது.

அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷம் போய்விட்டது. அந்தப் போர்டு நிஜமான வேலையை ஒருமுறைகூடச் செய்ததில்லை. செய்யவேண்டிய நிலை வரவே இல்லை. "அப்ப அது வேஸ்ட்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். கணக்குப்பதிவியலில் ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? லாபம் வரும் என்று நம்பி எழுதாதே, நட்டம் வரலாம் என்றால் இப்போதே ஒதுக்கி வை என்பார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்தது. கடன்காரர் எல்லாரும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் அந்த ஒதுக்கு வேஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை.

மாசம் ஒருமுறை ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு ஒரு 9 வோல்ட் பேட்டரியால் போர்டைச் சோதிக்கிறேன். ஒருமுறை நேராக, ஒருமுறை திருப்பி. இரண்டு பக்கமும் 'டக்' கேட்டால்தான் மூடியைப் போடுவேன்.

பி.காம் பையனுக்கு சால்டரிங் அயர்ன் எதுக்கு என்று கேட்டீர்கள். இதுக்குத்தான்.

டிஸ்கி: இதைப் பார்த்து யாராவது செய்ய இறங்கினால், டிரான்ஸ்ஃபார்மரின் அந்தப் பக்கம் 230 வோல்ட் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். தகரப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். பிளக்கைப் பிடுங்கியபிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும், அதை இறக்கிவிட்டுத் தொடவும். ஸ்பீக்கருக்குக் காயில் மாற்றிக்கொள்ளலாம், உங்களுக்கு முடியாது.